இரண்டாம் ஆண்டோடு நின்றுவிடுகிறவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில், அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வுப் படிவங்களை மாணவர்கள் நிரப்பித் தருகிற வாரத்தில், எனக்குத் தூக்கம் குறைந்துவிடும். கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். பள்ளியில் அந்த மொழிக்கு நான் ஒருவரே ஆசிரியர் என்பதால் முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான வகுப்புகளும், அவற்றுக்கு மேல் கல்லூரித் தரத்தில் அமைந்த ஏ.பி. வகுப்பும் என் பொறுப்பில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டு மாணவர்களில் எத்தனை பேர் அந்தப் படிவத்தில் 'ஜப்பானியம் 3' என்ற கட்டத்தில் குறியிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான், மேல்நிலை வகுப்புகள் அடுத்த ஆண்டு தனித்தனியாக நடக்குமா, அல்லது மூன்றையும் ஒரே அறையில் ஒரே பாடவேளையில் சேர்த்து நடத்த வேண்டுமா என்பது முடிவாகும். இந்தப் பதினோரு ஆண்டுகளில் எனக்கு ஒருமுறைகூடத் தனி வகுப்பு வாய்த்ததில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை இரண்டு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுகள் படித்திருந்தால் நல்லது என்பது பரிந்துரை. விதிக்கும் பரிந்துரைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். முப்பது பேருக்கு மேல் தொடங்கும் முதலாம் ஆண்டு, இருபத்தெட்டோ முப்பதோ ஆகி இரண்டாம் ஆண்டுக்கு வருகிறது. அதிலிருந்து மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது திடீரென்று ஒன்பது பேராகிவிடுகிறது. ஒன்பது பேருக்காக ஓர் ஆசிரியரின் ஒரு பாடவேளையை எந்த முதல்வரும் ஒதுக்கமாட்டார். எனவே மூன்றாம் ஆண்டின் ஒன்பது, நான்காம் ஆண்டின் ஆறு, ஏ.பி.யின் நான்கு என்று கூட்டி, பத்தொன்பது பேர் கொண்ட ஒரு வகுப்பாக ஆறாம் பாடவேளையில் அமர்த்திவிடுகிறார்கள்.

இந்தக் கணக்குக்கு அடியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிய மொழியில் அலுவல் நடத்தும் அளவுக்குத் தேர 600 முதல் 750 மணி நேர வகுப்பு தேவை என்றும், ஜப்பானியத்தில் அதே நிலையை அடைய 2,200 மணி நேரம் தேவை என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் பள்ளியாண்டு 180 நாள். பாடவேளை 50 நிமிடம். ஒரு நாளும் விடுமுறை எடுக்காமல், தீயணைப்பு ஒத்திகையோ தேர்வோ குறுக்கிடாமல் படித்தால் ஆண்டுக்கு 150 மணி நேரமும் நான்கு ஆண்டுக்கு 600 மணி நேரமும் கிடைக்கும். பக்கத்து அறையில் ஸ்பானியம் படிக்கும் மாணவர் அந்த 600 மணியில் ஏறக்குறைய கரையேறிவிட, என் மாணவர் கால்வாசி தூரமே வந்திருப்பார். ஆனால் இருவருடைய சான்றிதழிலும் 'நிலை 4' என்ற ஒரே சொல்தான் இருக்கும். வேற்றுமொழி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் அச்சிட்ட சொல் அது.

முதலாம் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அது தானாக ஓடுகிற வகுப்பு. அனிமே பார்த்தும் மாங்கா படித்தும் வந்து சேர்கிற பிள்ளைகளுக்கு ஆர்வத்தை நான் ஊட்ட வேண்டியிருப்பதில்லை. சில நேரங்களில் அதைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டியிருக்கிறது. முதல் வாரமே ஒரு பையன் என்னைப் பார்த்து, சண்டைக் காட்சிகளில் வில்லனை விளிக்கும் 'ஒமஎ' என்ற சொல்லால் அழைத்தான். தமிழில் புதிதாக வந்த மாணவர் வகுப்பாசிரியரை 'டேய்' என்பதற்கு ஒப்பானது அது. அவனுக்கு அதன் எடை தெரியாது. ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளை ஏழு வாரத்தில் முடிக்கிறோம். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ரோமன் எழுத்தில் எதையும் நான் பலகையில் எழுதுவதில்லை. ஊன்றுகோலைச் சீக்கிரம் பிடுங்காவிட்டால் நான்காம் ஆண்டிலும் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள்.

அந்த எழுத்து வரிசையை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையில் ஜப்பானியம் கற்பிக்கும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்தின் மாலை வகுப்பு. பலகையில் அ, இ, உ, எ, ஒ என்று உயிர்கள், அவற்றின் கீழ் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று மெய்வரிசை. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ அப்படியே வேற்றூர் உடையில் வந்து நிற்பது போலிருந்தது. (ஹகர வரிசை பழைய காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.) பௌத்தத் துறவிகள் கற்ற 'சித்தம்' என்னும் பழைய இந்திய எழுத்து வழியாக இந்திய ஒலி வரிசை ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு அது. நான் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) கற்கப் போகிறேன் என்றபோது, "கஞ்சி வைக்கக் கத்துக்கவா அவ்வளவு தூரம் பஸ்ல போற?" என்று கேட்ட என் அம்மாவுக்கு இந்த வரலாற்றை விளக்கத் துணியவில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு வருகிறேன். நான் ஆசிரியராகச் செய்த பெரிய தவறு அங்கேதான் இருக்கிறது.

முதலாம் ஆண்டில் பிள்ளைகள் எல்லா வினைகளையும் 'மஸ்' என்று முடியும் மரியாதை வடிவத்தில் கற்கிறார்கள்: தபெமஸ் (சாப்பிடு), நொமிமஸ் (குடி), இகிமஸ் (போ). எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் 'தெ' வடிவம் வருகிறது. தமிழ் இலக்கணப்படி சொன்னால் அது வினையெச்சம். 'சாப்பிட்டு', 'குடித்து', 'போய்' என்பது போன்றது. ஒரே அச்சில் நின்ற வினைகள் அன்றோடு கலைந்துபோகின்றன. தபெரு என்பது தபெதெ ஆகிறது. ஆனால் குடி என்னும் பொருளுள்ள நொமு நொந்தெ ஆகிறது. எழுது என்னும் ககு கய்தெ ஆகிறது. கௌ (வாங்கு), மத்ஸு (காத்திரு) ஆகியவை கத்தெ, மத்தெ ஆகின்றன. ககு போலவே ஈறுள்ள இகு மட்டும் விதியை மீறி இத்தெ ஆகிறது. அமெரிக்காவில் ஜப்பானியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இதற்காகத் தெரிந்த குழந்தைப் பாட்டு மெட்டில் ஒரு வாய்பாட்டைப் பாட வைப்பார்கள். நானும் பாட வைப்பேன். பாட்டு நினைவில் நிற்கும், வினை நிற்காது.

இந்த இடத்தில் என் தாய்மொழி எனக்குப் பெரிய சலுகையைத் தந்திருந்தது. 'உண்' என்பது 'உண்டு' ஆவதையும், 'நட' என்பது 'நடந்து' ஆவதையும், 'கல்' என்பது 'கற்று' ஆவதையும் யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தராமலே கற்றவனுக்கு நொமு நொந்தெ ஆவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அதற்குமேல் நடப்பதும் அப்படியே நம் வீட்டு வழக்கம். 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. மிரு என்பதற்குத் தனியே பொருள் 'பார்' என்பதுதான். 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. ஒகு என்றால் 'வை'. 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் நம் 'விடு' செய்கிற வேலையை அங்கே 'ஷிமௌ' செய்கிறது. கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்ற சுட்டும் வினாவும் இது, உது, அது, எது என்று வரிசை பிடித்து நிற்கும். 'உது' மறந்துபோன தமிழ்நாட்டுக்காரர்களைவிட யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது இன்னும் எளிது. ஆங்கிலத்தில் இருப்பவை இரண்டே சுட்டுகள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இத்தகைய ஒற்றுமைகளையும் சொல் ஒப்பீடுகளையும் கொண்டு இரு மொழிகளும் உறவுடையவை என்று நிறுவ முயன்றார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரியத்திலும் துருக்கியத்திலும்கூட வினை கடைசியில்தான் வருகிறது. எனக்கு உறவுமுறை எதுவும் தேவைப்படவில்லை. அமைப்பு ஒத்துப்போனதே போதுமானதாக இருந்தது.

அந்தச் சலுகைதான் என்னைக் கெடுத்தது. எனக்கு விலையில்லாமல் கிடைத்ததை மாணவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணி, முதல் நான்கைந்து ஆண்டுகள் 'தெ' வடிவத்தை இரண்டே வாரத்தில் முடித்தேன். அதே பருவத்தில் வாரம் பதினைந்து கான்ஜி, வெள்ளிதோறும் சிறுதேர்வு. மேல்நிலைக்குப் போக வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும் அல்லவா? ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று வகுத்த கான்ஜிகள் 2,136, அங்கே ஆறாம் வகுப்பை முடிக்கும் குழந்தை 1,026 கற்றிருக்கும், ஏ.பி. தேர்வுக்குச் சுமார் 410 வேண்டும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கி வகுத்து வகுத்து, அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை இரண்டாம் ஆண்டின் தலையில் இறக்கினேன். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை எழுதினார்கள், திங்கட்கிழமை மறந்தார்கள், பிப்ரவரியில் படிவத்தில் வேறு கட்டத்தில் குறியிட்டார்கள். போனவர்கள் சோம்பேறிகள் என்றும் நின்றவர்கள் உண்மையான ஆர்வமுள்ளவர்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் உழைப்பெல்லாம் அப்போது ஏ.பி. மாணவர்கள் நால்வருக்குத்தான் போனது. 2007-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட அந்தத் தேர்வு முழுக்கக் கணினியில் நடப்பது. உரையாடல் செய்திகளுக்குத் தலா 90 நொடிக்குள் ஜப்பானியத்தில் தட்டச்சுச் செய்து பதில் அனுப்ப வேண்டும். பேச்சுப் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 20 நொடிதான். கையால் எழுத வராத கான்ஜியைக்கூடத் திரையில் தேர்ந்தெடுத்துவிடலாம் என்பதால் தட்டச்சு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலியைச் சரியாக அறியாதவர் சரியான எழுத்தை அழைக்கவே முடியாது. 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சித்தி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. 'ப்யோயின்' என்றால் மருத்துவமனை, 'பியோயின்' என்றால் அழகு நிலையம். குறில் நெடிலோடு வளர்ந்த காதுக்கு இது வேறுபாடே தவிர சிக்கல் இல்லை. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தேர்வுக்குத் தயார் செய்கையில் ஒரு மாணவி, தன் தாத்தா நெஞ்சுவலியால் அழகு நிலையத்தில் சேர்க்கப்பட்டதாக உருக்கமாக எழுதியிருந்தாள்.

நான்கு பேரின் மதிப்பெண்களை முதல்வர் பார்ப்பார், பெற்றோர் பார்ப்பார்கள். இருபத்தெட்டு பேரில் பத்தொன்பது பேர் விலகுவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இத்தனைக்கும் அந்த மதிப்பெண்களும் முழு உண்மையைச் சொல்லாதவை. ஏ.பி. ஜப்பானியத் தேர்வை எழுதுகிறவர்களில் வீட்டிலேயே அம்மொழியைப் பேசுகிறவர்கள் கணிசமானோர். அதனால் மொத்தத் தேர்ச்சி பளபளவென்று தெரியும். என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். தாய் ஜப்பானியர்; சிறு வயதில் சனிக்கிழமைப் பள்ளிக்குப் போய்ப் பாதியில் நின்றவன். நான் சொல்வதில் ஒரு சொல்கூட அவனுக்குப் புரியாமல் போகாது. ஆனால் எழுதுவது இரண்டாம் ஆண்டுத் தரம். வீட்டு மொழி மட்டும் தெரிந்ததால் மரியாதை வடிவம் முதலாம் ஆண்டுத் தரத்துக்கும் கீழே. அவனுக்கு நேர்மாறாக, சீனக் குடும்பத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி கான்ஜி எதையும் பார்த்த மாத்திரத்தில் பொருள் சொல்லிவிடுவாள், வாய்விட்டுப் படிக்கத்தான் வராது. 'கை' 'தாள்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ஜப்பானியத்தில் கடிதம். சீனத்தில் கழிப்பறைக் காகிதம். பாட்டிக்குக் கழிப்பறைக் காகிதம் எழுதுகிற கதாபாத்திரத்தைக் கண்டு அவள் முதலில் குழம்பிப்போனாள். இவர்கள் இருவரையும் எந்த 'நிலை'யில் அமர்த்துவது? பள்ளி அட்டவணையில் இருவரும் மூன்றாம் ஆண்டு.

கலப்பு வகுப்பின் நடைமுறை வேலைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வெள்ளைப் பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பொது. பிறகு ஒரு குழு காதொலிக் கருவியோடு கேட்கும், ஒரு குழு எழுதும், ஒரு குழு என்னோடு பேசும். தொடக்கத்தில் மூன்று குழுவுக்கும் மூன்று பாடம் தயாரித்தேன். நவம்பருக்குள் உடம்பு படுத்துவிட்டது. இப்போது இரண்டாண்டுச் சுழற்சியில் எல்லோருக்கும் ஒரே பொருளை எடுத்து, செய்ய வேண்டிய வேலையை மட்டும் மாற்றுகிறேன். வீடு என்ற பொருள் வந்தால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் தம் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள்; நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அதே வீட்டை வாடகைக்கு விடும் தரகராகி வாடிக்கையாளரிடம் உயர்மரியாதை வடிவத்தில் பேசுவார்கள்; ஏ.பி. பிள்ளைகள் தத்தாமி பாய் விரித்த அறையையும் மேலைப் பாணி அறையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவார்கள். தரகரிடம் வீடு பார்க்க வருகிற வாடிக்கையாளராக மூன்றாம் ஆண்டுப் பிள்ளை நடிக்கும்போது, தனக்குப் பாதி புரியாத மரியாதைச் சொற்களுக்கு நடுவில் நின்று சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. தனி வகுப்பில் இது நடக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒப்புதலிலிருந்துதான் இரண்டாம் ஆண்டுக்கும் வழி கிடைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், விலகிப் போகிற ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். தமிழ்ப் பெண், ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்கும் போகிறவள். அவளுடைய அம்மா ஏற்கெனவே என்னிடம், "ஸ்பானிஷ் எடுத்திருந்தா மார்க்காவது வந்திருக்கும், நீங்களே சொல்லுங்க" என்று வருத்தப்பட்டிருந்தார். மதிப்பெண்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு: "சென்செய் (ஆசிரியரே), முதல் வருஷம் என்னால பேச முடிஞ்சுது. இந்த வருஷம் எதுவுமே பேச முடியல." யோசித்துப் பார்த்தால், இரண்டாம் ஆண்டில் நான் யாரையும் பேசவிட்டதே இல்லை. பதினைந்து கான்ஜியும் வாய்பாடும் போக நேரம் எங்கே இருந்தது? அவளுக்கு 'சாப்பிட்டுப் பார்' என்பதைக்கூட நான் நினைவூட்டியதில்லை. வகுப்பில் தமிழைக் கொண்டுவருவது மற்றவர்களுக்கு நியாயமாகாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். கொள்கை தவறில்லை, ஆனால் இடைவேளையில் ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஆண்டிலிருந்து வாரத்துக்கு ஆறு கான்ஜியாகக் குறைத்தேன். அந்த ஆறும் அடுத்த மூன்று வாரப் பாடங்களில் மறுபடி மறுபடி வரும்படி பார்த்துக்கொண்டேன். 'தெ' வடிவத்தை வாய்பாடாகத் தொடங்காமல் மூன்று மாதத்துக்கு நீட்டினேன். முதல் மாதம் முழுதும் அனுமதி கேட்பது மட்டும்: தண்ணீர் குடிக்கலாமா, வெளியே போகலாமா, இங்கே உட்காரலாமா. ஜப்பானியத்தில் கேட்காவிட்டால் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதைவிட வலிமையான இலக்கணப் பயிற்சியை நான் இதுவரை கண்டதில்லை. இரண்டாம் மாதம் வேண்டுகோள். மூன்றாம் மாதம் 'செய்து பார்த்தேன்', 'செய்து வைத்தேன்'. வாய்பாட்டுப் பாட்டு டிசம்பரில்தான் வரும். அதற்குள் பாதி வினைகள் வாயில் பழகியிருக்கும். மாதம் இரண்டு முறை, மதிய உணவு வேளையில், மேல்நிலைப் பிள்ளைகள் சென்பாய்களாக வந்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்காருவார்கள். சென்பாய் என்றால் பள்ளியில் மூத்தவர்; அனிமே புண்ணியத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. சென்பாய் தடுமாறுவதைப் பார்ப்பதுதான் இளையவர்களுக்கு அதிகம் பயன்படுகிறது என்பது என் கணிப்பு.

இழப்பு இல்லாமல் இல்லை. மூன்றாம் ஆண்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போது கான்ஜி குறைவாகத்தான் தெரிகிறது, ஏ.பி. மதிப்பெண்களும் சற்று இறங்கின, அதற்கு ஒரு பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியும் வந்தது. இருந்தும் நான் பழைய முறைக்குத் திரும்பப் போவதில்லை. நான்கு பேர் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்குகிற வகுப்பைவிட, பதினான்கு பேர் மூன்றோ நான்கோ வாங்குகிற வகுப்பு நல்லது என்று நினைக்கிறேன். இதை மறுக்கிற சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பள்ளிகளில் ஜப்பானியத்துக்கு இரண்டு ஆசிரியர்கள்.

இந்த பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டின் 27 பேரில் 14 பேர் 'ஜப்பானியம் 3' என்று குறியிட்டிருக்கிறார்கள். தனி வகுப்புக்கு இருபது பேராவது வேண்டும் என்றார் முதல்வர். இரண்டாவது வெள்ளைப் பலகை ஒன்று வேண்டுமானால் தருவதாகவும் சொன்னார். சென்ற வாரம் அதைப் பின்சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஆகஸ்டில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாற்காலிகளை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போடுவதாக இருக்கிறேன்.